ஒன்பது நிமிட ராகு காலம்

1

இந்தக் கதை எனக்குக் கல்யாணப் பந்தியில் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. திருவொற்றியூரில் ஒரு மண்டபம், இரண்டாவது பந்தி. பக்கத்து இலைக்காரர் முன்பின் தெரியாதவர். "வூட்டுக்காரம்மா வர்லியா?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். சரியான பதில்தான். ஆனால் அவர் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தார். அதற்குள் நான் எதையாவது கேட்டுவிட வேண்டும். "தாலி எத்தனை மணிக்குக் கட்டினாங்க?" என்றேன்.

அவர் கையிலிருந்த வடையை இலையில் வைத்தார். சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்கியது. "அத்த மட்டும் கேக்காத நைனா" என்றார். "பேஜாரு புட்ச்ச கேள்வி." அதற்குள் பாயசம் வந்துவிட்டது.

கிடைத்தது அவ்வளவுதான். ஏன் சிரித்தார் என்று தெரியாது. தெரியாததால் நானே செய்துகொண்டேன். ஆகையால் இதில் வரும் மனிதர்கள் யாரும் கிடையாது. நுங்கம்பாக்கத்துத் தூண், மெட்ராஸ் நேரம், தை மாதத்துச் சூரியன் இவை மூன்றும் நிஜம்.

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

ஒன்று: "1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாய்வுக்கூடம் கட்டியது. கருவிகளைத் தாங்கப் பதினைந்தடி உயரத்தில் ஒரு கருங்கல் தூண் நடப்பட்டது. அத்தூணின் எடை…"

[எடையைத் தேடிப் போனவன் இரண்டு நாள் திரும்பவில்லை. விட்டேன்.]

இரண்டு: "எண்ணூரின் சாம்பல் வானத்தில் சூரியன் ஒரு…"

[ஒரு என்ன? எண்ணூரில் பஸ்ஸுக்கு நிற்கிற யாரும் சூரியனுக்கு உவமை தேடுவதில்லை. பஸ் வருகிறதா என்று பார்க்கிறார்கள்.]

மூன்று: "நர்மதா மதியச் சாப்பாட்டை அந்தத் தூணுக்கு எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள்."

இது நின்றது. நர்மதாவுக்கு இருபத்தேழு வயது. எர்ணாவூர் குப்பத்தில் வீடு. அப்பா மாரியப்பனுக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் போட். அவள் இயற்பியல் படித்தாள். படித்ததற்கு நுங்கம்பாக்கம் வானிலை அலுவலகத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. பழைய மழைக் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். வானாய்வுக்கூடம் கொடைக்கானலுக்குப் போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த வளாகத்தில் இப்போது மழை பார்க்கிறார்கள். தூண் மட்டும் போகவில்லை. ஆயிரம் வருடம் கழித்து வருகிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று அதில் பல மொழிகளில் செதுக்கி வைத்திருக்கிறார்கள், தமிழும் உண்டு. ஆயிரத்தில் இருநூற்றுச் சொச்சம்தான் ஆகியிருக்கிறது. நர்மதா முன்கூட்டியே வந்துவிட்டாள், நெத்திலி வறுவலோடு.

தூணின் வேலை என்ன என்று ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன், பிறகு தொந்தரவு செய்ய மாட்டேன். பூமி சுற்றுகிறது. நட்சத்திரங்கள் தலைக்கு மேலே ஒரு கோட்டைக் கடக்கின்றன. அசையாத தூண்மீது அசையாத தொலைநோக்கியை வைத்து, இன்ன நட்சத்திரம் கோட்டைத் தொட்ட கணத்தில் கடிகாரத்தைச் சரிசெய்தால் அதுதான் அந்த ஊரின் மணி. மணி வானத்திலிருந்து வருகிறது. கடிகாரம் அதை மறக்காமல் வைத்திருக்கிறது, அவ்வளவே. நுங்கம்பாக்கத்தில் பிடித்த மணியைக் கோட்டையில் பீரங்கி வெடித்து ஊருக்குச் சொன்னார்கள். ராயபுரம் ஸ்டேஷன் அதைக் கேட்டது. பிறகு இந்தியாவின் ரயில்கள் பலவும் அந்த மெட்ராஸ் நேரத்தைப் பார்த்துத்தான் ஓடின. 1906இல் நாடு முழுக்க ஒரே நேரம் என்று ஆனதும் மெட்ராஸ் நேரம் ஓய்வு பெற்றது.

நர்மதாவுக்கு இது தெரியும். அவளுக்கு இது உதவப்போகிறது.

3

இனி பிரச்சினை. இடம் வியாசர்பாடி, மாப்பிள்ளை வீடு.

மாப்பிள்ளை எழிலன் துறைமுகத்தில் கண்டெய்னர் தூக்கும் கிரேன் ஓட்டுகிறான். அவன் அப்பா பீம்ராவ் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பௌத்தர். நிமிடத்தை நிமிடமாகவே பார்க்கிறவர். "பத்து மணி வாக்குல" என்று யாராவது சொன்னால், "வாக்குலன்னா எந்த பிளாட்பாரம்?" என்பார்.

பெண் வீட்டிலிருந்து மாரியப்பனும் அவர் அக்கா பட்டம்மாளும் வந்திருந்தார்கள். பட்டம்மாள் காசிமேட்டில் மீன் விற்கிறாள். பழத்தட்டோடு ஒரு முழு வஞ்சிரமும் வந்திருந்தது.

"தை மாசக் கடைசி திங்கக்கெழம. ஒம்போதுலேர்ந்து பத்தரை. குறிச்சாச்சு" என்றார் மாரியப்பன்.

"திங்கக்கெழம சரி. ஏழரைலேர்ந்து ஒம்போது" என்றார் பீம்ராவ்.

"அது ராகு காலமாச்சே சம்பந்தி."

"தெரியும். அதான்."

பட்டம்மாள் மூக்குத்தியைத் திருகிக்கொண்டாள். "இன்னாய்யா இது? ராகு காலத்துல அவனவன் ரேசன் கடைக்கே போமாட்டான். நீ கல்யாணம் பண்றேன்ற?"

"எங்க வூட்ல அல்லாருக்கும் ராகு காலத்துலதான் கல்யாணம். எங்க தெருவுக்குள்ள காலே வைக்காத பஞ்சாங்கக்கார ஆளு, எங்க கல்யாணத்துக்கு மட்டும் இன்னாத்துக்கு டைமு குறிக்கணும்? எங்க அப்பா கேட்ட கேள்வி இது. பதில் வர்ற வரிக்கும் ராகு காலம்தான். எனக்கும் அப்படித்தான். முப்பத்தாறு வருசம். இதோ நிக்குது, கேளு."

காபி கொண்டுவந்த அவர் மனைவி செங்கொடி, "நல்லாத்தான் கீறோம்" என்றாள். "ஆனா அது ராகுவால இல்ல. நான் பொறுத்துகினு போறதால."

பட்டம்மாள் சிரித்தாள். மாரியப்பன் சிரிக்கவில்லை. "போன வருசம் அவசரத்துல ராகு காலத்துல போட்ட எறக்கினேன். மூணாம் நாளு மோட்டாரு கடலுக்குள்ள போய்டுச்சு" என்றார்.

"மோட்டாரு நட்ட நல்லா முறுக்கினியா?" என்றார் பீம்ராவ்.

"இன்னா சொன்ன?"

எழிலன் நடுவில் வந்தான். "வாணாம்ப்பா. நாங்க ரிஜிஸ்டர் ஆபீசுல கையெழுத்து போட்டுக்கறோம்."

"வாய மூடு" என்றார்கள் இரண்டு சம்பந்திகளும். அன்றைக்கு இருவரும் ஒத்துப்போனது அந்த ஓரிடத்தில்தான்.

கடைசியில் மாரியப்பன் எழுந்தார். "ராகு காலத்துல தாலி ஏறிச்சின்னா நான் மேடைல இருக்க மாட்டேன். கடலுக்குப் போய்டுவேன்." பீம்ராவும் எழுந்தார். "ராகு காலம் தாண்டிச்சின்னா நான் வேன்லேர்ந்தே எறங்க மாட்டேன்."

நர்மதாவுக்கு ஒரே ஒரு ஆசைதான். தாலி ஏறும்போது இரண்டு பேரும் மேடையில் நிற்க வேண்டும். இருவரில் ஒருவர் இல்லாமல் போனால் அந்த இடம் ஒவ்வொரு தீபாவளிக்கும், ஒவ்வொரு பிள்ளைப்பேற்றுக்கும் காலியாகவே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வடசென்னையில் ஒருவர் கோபித்துக்கொண்டால் முழுசாகக் கோபித்துக்கொள்வார்.

4

மறுநாள் தூணுக்கு எதிரில் அவளுக்கு அது தோன்றியது. முதல் வரைவில் இப்படி எழுதினேன்:

"மெட்ராஸ் நேரத்துக்கும் இன்றைய இந்திய நேரத்துக்கும் கிட்டத்தட்ட ஒன்பது நிமிடம் வித்தியாசம். எட்டு ஐம்பத்தைந்துக்குத் தாலி கட்டினால் மெட்ராஸ் நேரப்படி ஒன்பது நாலு! நர்மதா துள்ளிக் குதித்து…"

நர்மதா துள்ளவில்லை. டிபன் பாக்ஸை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"சார், கூட்டக் கூடாது. கழிக்கணும்."

நான் பேனாவை வைத்தேன்.

"சூரியன் கெழக்கால இருந்து வருது. நம்ம வாட்ச்ச வச்சிருக்கறது மிர்சாப்பூர் பக்கம் போற ஒரு கோட்டுக்கு. அது நமக்குக் கெழக்கால கீது. அங்க சூரியன் மொதல்ல போய்டும், ஒம்பது நிமிசம் கழிச்சுதான் மெட்ராசுக்கு வரும். அப்ப மெட்ராஸ் டைமு பின்னாடி. வாட்ச்சுல ஒம்பது நாலுன்னா மெட்ராசுக்கு எட்டு அம்பத்தஞ்சு. நீங்க எழுதனாப்ல எட்டு அம்பத்தஞ்சுக்குக் கட்னா ரெண்டு கடியாரத்துலயும் ராகு காலம். எங்க நைனா கடலுக்குப் போய்டும்."

ஆகவே திருத்திய வடிவம்: கைக்கடிகாரத்தில் ஒன்பது அடித்துவிட்டது, ஆனால் ஒன்பது ஒன்பது ஆகவில்லை. இந்த இடுக்கில் நின்றால் மாரியப்பனுக்கு ராகு காலம் முடிந்துவிட்டது. பீம்ராவுக்கு, மெட்ராஸ் நேரப்படி, முடியவில்லை. ஒரே தாலி. ஒரே முடிச்சு. இரண்டு பேரும் ஜெயித்தார்கள்.

அப்புறம் துள்ளினாள். தூணைச் சுற்றி ஒரு சுற்று. காவலாளி பார்த்தார், ஒப்பந்த ஊழியர் துள்ளக்கூடாது என்று எந்த விதியும் அவருக்கு நினைவு வரவில்லை.

5

பீம்ராவ் போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். "அந்த காலத்துல ராயபுரத்துலேர்ந்து வண்டி கெளம்புன டைமா?" என்றார்.

"ஆமா மாமா."

"அப்ப அது எங்க டைமு." சம்மதம்.

மாரியப்பனுக்குப் பட்டம்மாள்தான் சொன்னாள். "டேய் மாரி, உன் கைல கட்டிகினு கீற வாட்ச்சுல ஒம்பது தாண்டுனா உனுக்குப் போதும்ல?"

"போதும்."

"அப்பால அவரு எந்த கடியாரத்த பாத்தா உனுக்கின்னா? அவரு கொழம்புல நீ உப்பு பாப்பியா?"

பத்திரிகை இரண்டு விதமாக அச்சானது. பெண் வீட்டுப் பத்திரிகையில் "காலை 9 மணிக்கு மேல்". மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகையில் "காலை 9 மணிக்குள், மெட்ராஸ் நேரம்". அச்சகக்காரர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரே கல்யாணம்தானா என்று கேட்டார். ஒன்றுதான் என்றார்கள். மண்டபமும் ஒன்றுதானா என்றார்.

6

[இந்தப் பகுதி அடிக்குறிப்பாக இருக்க வேண்டியது. நீண்டுவிட்டது.]

பழைய வானாய்வுக்கூடங்களில் ஒரு தலைவலி இருந்தது. ஒரே நட்சத்திரம், ஒரே தொலைநோக்கி, ஒரே கடிகாரம். கண்ணால் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே காதால் டிக் டிக்கை எண்ண வேண்டும். இரண்டு பேர் பார்த்தால் இரண்டு மணி எழுதினார்கள். சீமையில் ஓர் உதவியாளர் ஒரு விநாடிகூட முழுதாக இல்லாத ஒரு தாமதத்துக்காக வேலையை இழந்தார். அவர் போன பிறகுதான் அவரை அனுப்பியவருக்கும் ஒரு பிழை இருக்கும் என்று தெரிந்தது. எல்லோருக்கும் உண்டு. ஆளாளுக்கு வேறு. ஆனால் ஓர் ஆளுக்குக் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும். அப்புறம் அறிவியல் யாரையும் திட்டவில்லை. ஒவ்வொருவருடைய பிழையையும் அளந்து, பெயர் போட்டு எழுதி, கழித்துக்கொண்டது.

எனக்கு இது பிடித்திருக்கிறது. சம்பந்திகளுக்கு இடையில் இப்படி ஓர் அட்டவணை இருந்தால் எத்தனை மண்டபங்களில் சத்தம் குறையும்.

நியாயமாகச் சொன்னால், முதலில் எனக்கு மாரியப்பன்மீது நம்பிக்கை வரவில்லை. பிடிவாதத்தைத் தவிர அவரிடம் எதுவும் கண்ணில் படவில்லை. அப்புறம் அவர் பயந்திருக்கிறார் என்று புரிந்தது. நல்ல நேரம் என்பது அவருக்கு மகள்மேல் போர்த்துகிற துணி. என் கல்யாணம் நல்ல நேரத்தில்தான் நடந்தது. ஆறிலிருந்து ஏழரை. குறித்தவர் கைதேர்ந்தவர். மூன்று வருடம் தாங்கியது. இதை மாரியப்பனிடம் சொல்லலாம், எழுதுகிறவன் நான்தானே. சொல்லவில்லை. அது கல்யாண வீடு.

7

திங்கட்கிழமை. எர்ணாவூர் மண்டபம். மணி எட்டே முக்கால். (எல்லாரும் பயன்படுத்தும் நேரம். இனிமேல் இதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.)

மணவறை தயார். மேளம் தயார். பஞ்சசீலம் சொல்ல வந்த பிக்கு மின்விசிறிக்குக் கீழே அமைதியாக உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டில் முதல் வேனில் வந்த செங்கொடி, பட்டம்மாளோடு சேர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாவது வேனில் எழிலனும் பீம்ராவும். அது வரவில்லை.

அறையில் நர்மதாவின் போன் அடித்தது.

"எங்க கீற?"

"எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு. முன்னால நாப்பது டிரெய்லர். ஹார்பர் கேட்ல ஏதோ மிசின் வேல செய்யலியாம். அல்லாம் கண்டெய்னர் வண்டி, ஒண்ணு பின்னால ஒண்ணு நிக்குது."

"நீதான தினமும் அத தூக்கி தூக்கி வைக்கற?"

"நேத்து நான் ஏத்துன பொட்டியே எனக்கு முன்னால நிக்குது. நம்பரு கூட தெரியுது."

"சிரிக்காத. எறங்கி ஓடியா."

"நான் ஓடியாருவேன். அப்பா வேன உட்டு எறங்க மாட்டேன்றாரு. டைமு பாத்துகினு கீறாரு."

முப்பது வருடம் ரயிலைக் குறித்த நேரத்துக்கு அனுப்பிய மனிதர், மகன் கல்யாணத்துக்குத் தாமதமாகிக்கொண்டிருந்தார். ஒன்பது அடித்தது. ஒன்பது நாலு ஆனது. தாலிக்கென்று மனதில் குறித்திருந்த, அச்சடிக்காத அந்த மணி யாரையும் கேட்காமல் தாண்டிப் போனது. நர்மதா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஒன்பது ஒன்பது. இடுக்கு மூடிக்கொண்டது. இப்போது மெட்ராஸ் நேரத்திலும் ராகு காலம் இல்லை. உலகத்தின் எல்லாக் கடிகாரங்களிலும் நல்ல நேரம்.

வேனுக்குள் பீம்ராவின் குரல் கேட்டது. "முடிஞ்சிது. டிரைவரு, வண்டிய திருப்பு."

"எங்க சார் திருப்பறது?" என்றார் டிரைவர். "முன்னாலயும் டிரெய்லரு, பின்னாலயும் டிரெய்லரு. நீங்க கோச்சிகினு போறதுக்குக் கூட ஒரு மண்நேரம் ஆவும்."

8

இங்கே நான் மாட்டிக்கொண்டேன். ஒரு வாரம் எழுதவில்லை. வேன் அங்கேயே நின்றது. அவர்களுக்கு டீ கூட வாங்கிக் கொடுக்கவில்லை நான்.

நர்மதா காத்திருக்கவில்லை. பட்டுப்புடவையோடு எழுந்து போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாமா. ராகு காலம் இன்னும் முடியல."

"என்னா பாப்பா, ஆறுதல் சொல்றியா? ஒம்பது பத்து. ஒம்பது கழிச்சா ஒம்பது ஒண்ணு."

"அது கடியாரத்துக்கு மாமா. ராகு காலம் இன்னாத்த வச்சி? சூரியன வச்சிதான? சூரியன் இன்னிக்கு லேட்டு."

மேளக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவள் சொன்னது சரி. கடிகாரத்துக்கு எல்லா நாளும் ஒரே நீளம். சூரியனுக்கு அப்படி இல்லை. பூமி போகிற பாதை சரியான வட்டமில்லை. பூமியும் சாய்ந்துகொண்டு சுற்றுகிறது. அதனால் நிஜச் சூரியன் வருடத்தில் சில மாதம் கடிகாரத்தை முந்தும், சில மாதம் பிந்தும். தை மாதக் கடைசியில்தான் அதிகமாகப் பிந்தும்: பதினாலு நிமிடம். வானாய்வுக்கூடங்கள் இதற்குத் தனியாக அட்டவணையே வைத்திருந்தன. ஒன்பது பத்தில் ஊருக்காக ஒன்பது, சூரியனுக்காகப் பதினாலு கழித்தால் எட்டு நாற்பத்தேழு. ஒன்பது இருபத்துமூன்று வரைக்கும் சூரியனின் கணக்கில் ராகு காலம். பதின்மூன்று நிமிடம் கையில் இருந்தது.

"எங்க எழுதி கீது?" என்றார் பீம்ராவ்.

"அட்டவணை கீது மாமா. அச்சுல."

"அச்சுல பஞ்சாங்கமும்தான் வருது. அச்சுல வந்தா நம்பிடணுமா? அதுக்கா நாங்க இத்தினி வருசம் சண்ட போட்டோம்? கண்ணால பாத்தவன் யாராச்சும் சொல்லட்டும், எறங்கறேன்."

பகுத்தறிவாளரிடம் பொய் சொல்லலாம். ஆதாரமில்லாமல் உண்மை சொல்ல முடியாது. நண்பகல் வரை காத்திருந்தால் ஒரு குச்சி நட்டு நிழலைக் காட்டிவிடலாம். நண்பகலுக்கு மூன்று மணிநேரம் இருந்தது.

நர்மதா மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். முந்நூறு பேர். இதில் சூரியன் எழுவதைத் தினமும் கண்ணால் பார்க்கிறவர் யார்? மேடை ஓரத்தில், புது வேட்டியில், மாரியப்பன் நின்றிருந்தார்.

முப்பது வருடமாகக் கடலில் விடிகிறவர். மார்கழியில் பகல் குறைவு என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் மார்கழி போய், பகல் நீள ஆரம்பித்த பிறகும், தையில் சூரியன் இன்னும் தாமதமாகத்தான் எழும். ஒவ்வொரு தையிலும் கரைக்கு வந்து அவர் முணுமுணுப்பார்: "பொங்க வச்சி கூப்ட்டும் எழுந்திருக்க மாட்டேன்து பாரு." அவர் பார்த்ததும் அட்டவணையின் பதினாலு நிமிடமும் ஒன்றேதான். அவருக்கு அது அறிவியல் என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

"நைனா" என்றாள் நர்மதா. போனை நீட்டினாள். "தை மாசத்துல சூரியன் லேட்டுதான? நீ பாத்தத மட்டும் சொல்லு."

மாரியப்பனுக்கு உடனே புரிந்தது. சொன்னால் பீம்ராவ் இறங்குவார். ஆனால் சொன்னால், இப்போது ராகு காலம் என்று அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகும். மகள் கழுத்தில் தாலி ஏறப்போகிற நேரத்தில், முந்நூறு பேருக்கு முன்னால்.

9

முடிவு ஒன்று: மாரியப்பன் பேசவில்லை. பேசாமலிருப்பது பொய்யாகாது. நல்ல நேரத்தில், மாமனார் இல்லாமல்…

முடிவு இரண்டு: "எனுக்குத் தெரியாதும்மா" என்கிறார். தலையைக் குனிந்துகொண்டு மேடையை விட்டு…

முடிவு மூன்று: திடீரென்று மழை. சூரியனே இல்லை. [தை மாதத்தில். வானிலை அலுவலக ஊழியரின் கல்யாணத்தில். வெட்கம்.]

மூன்றையும் எழுதி வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் வந்து பார்த்தால் மாரியப்பன் போனை வாங்கியிருந்தார். நான் எழுதவில்லை; சத்தியம்.

"சம்பந்தி" என்றார். தொண்டையைச் செருமினார். அப்புறம், எதிர்க்காற்றில் பக்கத்து போட்டைக் கூப்பிடுகிற குரலில், மண்டபம் அதிரக் கத்தினார்:

"நான் பாத்துகீறேன்யா! முப்பது வருசமா பாத்துகீறேன்! தைல அது லேட்டுதான்! மெய்யாலுமே இப்ப ராகு காலம்தான்! ராகு காலம் முடியறதுக்குள்ள சீக்கிரமா வந்து சேரு!"

பெண்ணைப் பெற்றவர் ராகு காலம் போய்விடப்போகிறதே என்று பதறுவதை மண்டபத்தில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. மேளக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு தட்டு தட்டினார். செங்கொடி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரிப்பு முதல் வரிசையில் ஆரம்பித்துப் பின் வரிசைக்குப் போய், சமையல் கட்டுவரை போய்த் திரும்பி வந்தது.

போனில் பீம்ராவ், "சாட்சி சரி" என்றார். "எறங்கறேன். ஆனா நடந்து வந்தா டைமு ஆவுமே."

"நம்ம மீன்பாடி வண்டி ஒண்ணு அந்த ரோட்டுலதான் கீது. திருமுருகன் ஓட்டறான். அனுப்பறேன், ஏறிக்கோ."

"மீன் நாத்தம் வருமா?"

"வரும். ஏறு."

10

கோட்டு போட்ட மாப்பிள்ளையும், அவன் அப்பாவும், ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து வந்தார்கள். டிரெய்லருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் நண்டு போகிற சந்தில் திருமுருகன் வண்டியைச் செருகினான். கண்டெய்னர் டிரைவர்கள் ஹாரன் அடித்து வாழ்த்தினார்கள். எழிலன் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தான், தேர்தலில் நிற்கிறவன்போல. பீம்ராவ் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையின் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்டப வாசலில் இறங்கியபோது ஒன்பது இருபது. மேடை ஏறியபோது ஒன்பது இருபத்தொன்று. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிக்கு எழுந்து, கைகூப்பி, "முதலில் பஞ்சசீலம்" என்றார்.

அதை நான் மறந்துவிட்டேன். பஞ்சசீலம் சொல்லி முடிக்க எப்படியும் நாலைந்து நிமிடம் ஆகும். பிக்குவை அவசரப்படுத்த முடியாது. அவருக்கு எல்லா நேரமும் ஒரே நேரம்.

இரண்டு சம்பந்திகளும் மேடையின் இரண்டு பக்கம் நின்றார்கள். இரண்டு பேரும் மணிக்கட்டைப் பார்த்தார்கள். பீம்ராவுக்கு இருபத்துமூன்று தாண்டிவிடுமோ என்ற பயம். மாரியப்பனுக்குத் தாண்ட வேண்டுமே என்ற பயம். சொன்ன சொல்லிலிருந்து அவர் பின்வாங்கவில்லை, மேடையை விட்டு இறங்கவும் இல்லை. நர்மதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளிடம் இனிமேல் கழிக்க எதுவும் மிச்சமில்லை.

அப்போது பட்டம்மாள் எழுந்தாள். சமையல் கட்டுக்குப் போய் ஓர் அன்னக்கூடையோடு வந்தாள். நேராக மேடை ஏறினாள்.

"மாரி, வாட்ச்ச கழட்டு."

"அக்கா…"

"கழட்டுடா. சம்பந்தி, நீயும்."

"நான் கார்டும்மா. முப்பது வருசம் இத…"

"வண்டி போய் சேந்துட்ச்சு. கழட்டு."

பீம்ராவ் கழற்றினார். பட்டம்மாள் மேடையிலிருந்து இறங்கி முதல் வரிசையில் ஆரம்பித்தாள். "வாட்ச்சு, போனு, அல்லாம் கூடைல போடு. இன்னா மொறைக்கற? அப்பால தரேன், உன் போன வச்சி நான் இன்னா கொழம்பா வைக்கப் போறேன்?" வீடியோ எடுக்கிறவரிடம் வந்தாள். கேமராவில் மணி ஓடுவதைக் கண்டுபிடித்து அதன்மேல் ஒரு வெற்றிலையை ஒட்டினாள். நாற்காலிமேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி பேட்டரியைத் தட்டி எடுத்தாள். மேளக்காரரின் கடிகாரம் நின்றுபோய் ஆறு மாதம் ஆகிறது என்று அவர் சொன்னார். "பரவால்ல, போடு" என்றாள்.

கடைசி வரிசைக்கு வந்தாள். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

"நீ யாரு, எந்த வூட்டு சைடு?"

"எழுதறவன்ங்க."

"எழுதறவனா இருந்தா இன்னா? கழட்டு."

கழற்றிக் கொடுத்தேன். மணிக்கட்டு லேசாக இருந்தது.

பஞ்சசீலம் தொடங்கியது. யாரும் எதையும் பார்க்கவில்லை. பார்க்க எதுவும் இல்லை. முடிந்தது. எழிலன் தாலியை எடுத்தான். மேளம் கெட்டியாக விழுந்தது. மாரியப்பன் மேடையில் இருந்தார். பீம்ராவ் மேடையில் இருந்தார். இரண்டு பேரும், பழக்கத்தில், வெறும் மணிக்கட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, சிரிக்காமலிருக்கப் படாதபாடு பட்டார்கள்.

முடிச்சு விழுந்தது. நேரம்: [            ].

அந்த அடைப்புக்குறியை நான் நிரப்ப முடியாது. என் கடிகாரம் கூடையில் இருக்கிறது. பட்டம்மாளின் கை எட்டாத கடிகாரம் இந்தக் கதையில் ஒன்றே ஒன்றுதான், உங்களுடையது. பார்த்து நிரப்பிக்கொள்ளுங்கள். எந்த ஊர்க் கடிகாரமாக இருந்தாலும் சரி. அந்த இரண்டு பேரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.